ராஜபாளையம் – ஸ்ரீவில்லிப்புத்தூர் வணிகப் பாதை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டி ஸ்ரீவில்லிப்புத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை செல்லும் சாலையும், அதன் இருபுறமும் வளர்ந்த கடைவீதி, சந்தை, கிட்டங்கி, பேருந்து நிலையம், ஆலை ஆகியவையும் சேர்ந்து இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. திருமங்கலத்தில் தொடங்கிச் செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொல்லத்தில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 744இன் ஒரு துண்டு இது. 2010இல் எண்கள் மாற்றப்படும் வரை இதற்கு 208 என்பதே எண். பழைய ஓட்டுநர்கள் இன்னும் அந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 12 கி.மீ. தூரம். 2011 கணக்கெடுப்பின்படி ராஜபாளையத்தின் மக்கள்தொகை 1,30,442. ஸ்ரீவில்லிப்புத்தூரின் மக்கள்தொகை 75,396. ஒரே பாதையால் பிழைக்கும் ஊர்கள் அந்தப் பாதையின் செலவையும் சேர்ந்து ஏற்பது புதிய யோசனை அல்ல. இப்பகுதியில் அதற்கு வணிகக் குழுக்களின் பகுடி, பேட்டைகளின் மகமை, மூன்று தரப்பு முதலீட்டில் போடப்பட்ட ரயில் பாதை என்று நீண்ட முன்கதை இருக்கிறது.

அமைவிடமும் பிரிவுகளும்

பாதைக்கு மேற்கே மலை, கிழக்கே கரிசல். மலையோரத்தில் நெல், தென்னை, மா. கரிசலில் பருத்தி, கம்பு, பயறு. இரண்டு விளைச்சலும் கைமாறும் இடமாக இந்தச் சாலை அமைந்ததே இதன் வணிகத்துக்கு அடிப்படை. ஸ்ரீவில்லிப்புத்தூருக்கு வடக்கே கிருஷ்ணன்கோவிலில் பிரியும் கிளைச் சாலை வத்திராயிருப்புக்குச் செல்கிறது. வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி, சுந்தரபாண்டியம், எஸ். கொடிக்குளம் ஆகிய நான்கு பேரூராட்சிகளும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தொலைவில் உள்ளவை. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளும் கண்மாய்களும் பாயும் இந்தப் பகுதியின் நெல்லும் தேங்காயும், சுந்தரபாண்டியத்தின் கைத்தறித் துணியும் இக்கிளை வழியாகவே பெரிய சாலைக்கு வருகின்றன. ஆடி அமாவாசையில் சதுரகிரி மலையேறும் கூட்டம் எதிர்த்திசையில் போகிறது.

நிர்வாக வகையில் இப்பாதையைப் பல துண்டுகளாகப் பிரிக்கலாம். நெடுஞ்சாலையின் தார்ப்பரப்பு ஒன்றிய அரசின் பொறுப்பு. பிரியும் சாலைகள் மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை என்று மாநில நெடுஞ்சாலைத் துறையின் வகைப்பாட்டில் வருபவை. அவற்றிலிருந்து கிளைப்பவை ஊராட்சி ஒன்றியச் சாலைகள். நகர எல்லைக்குள் தெருவிளக்கு, குப்பை, சந்தைக் குத்தகை, பேருந்து நிலையக் கடைகளின் வாடகை, சொத்து வரி ஆகியவை நகராட்சியின் கணக்கு. நகர எல்லை முடிந்ததும் இவை பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ போகின்றன. மின்கம்பம் மின்வாரியத்துடையது. சாலையோரக் கடைக்காரர் ஒருவர் வாசற்படியில் நின்று பார்த்தால் நாலு எட்டுக்குள் நான்கு அலுவலகங்களின் அதிகாரம் கிடக்கும். ஓடை அடைத்துக்கொண்டால் எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பதே பாதிநாள் வேலை. கூட்டு நிதி பற்றிய எந்தப் பேச்சும் முதலில் இந்த வகைப்பாட்டில்தான் முட்டிக்கொள்கிறது.

தொடக்க வரலாறு

பாதையின் மேற்கு முனையான கொல்லம் இடைக்காலத்தில் மேலைக் கடல் வணிகத்தின் பெரிய துறைமுகம். சேர மன்னன் தாணு இரவியின் 5ஆம் ஆட்சியாண்டில், பொ.ஆ. 849இல், வேணாட்டு ஐயனடிகள் திருவடிகள் அங்கிருந்த தரிசாப்பள்ளி என்ற கிறித்தவத் தேவாலயத்துக்கு அளித்த செப்பேடு, மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற இரு வணிகக் குழுக்களின் பெயர்களைச் சொல்கிறது. எழுபத்திரண்டு விடுபேறுகளைப் பற்றியும் பேசுகிறது. ஊர்ப் பொதுக் காரியம் ஒன்றைக் காக்கும் பொறுப்பு வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டதற்குத் தென்னாட்டில் கிடைக்கும் பழைய சான்றுகளில் இது முக்கியமானது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் பாண்டி நாட்டுக்கு வந்த மிளகும், பாண்டி நாட்டிலிருந்து போன துணியும் நெல்லும் இந்தத் துறைமுகத்தை நம்பியே நகர்ந்தன.

பாண்டி நாட்டுப் பக்கத்தில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர், நானாதேசிகள், வளஞ்சியர் போன்ற குழுக்கள் இயங்கின. இவர்கள் ஓர் ஊருக்கு மட்டும் கட்டுப்பட்டவர்கள் அல்லர். பல ஊர் நகரத்தாரும் ஓரிடத்தில் கூடி, தங்கள் சரக்கின் மேல் தாங்களே ஒரு வீதம் விதித்துக்கொண்டு, அதைப் பொதுக் காரியத்துக்கு எழுதி வைத்தார்கள். இந்த ஏற்பாடே பட்டணப்பகுடி. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பல ஊர் வணிகர்கள் கூடி எடுத்த முடிவும், எந்தெந்தச் சரக்குக்கு எவ்வளவு என்ற பட்டியலும் அதில் வெட்டப்பட்டுள்ளன. உப்பு, நெல், பயறு, பருத்தி, நூல், பாக்கு, மிளகு, இரும்பு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இதில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. வரி விதித்தவர் மன்னர் அல்லர், கொடுப்பவர்களே. கொடுத்தவர்கள் ஓர் ஊரார் அல்லர். கணக்கு மூடி வைக்கப்படவில்லை. வருவோர் போவோர் எல்லாரும் பார்க்கும்படி கல்லில் ஏறியது. பிற்கால நகராட்சிகளின் கூட்டுத் திட்டங்களில் இம்மூன்றும் ஒருசேர அமைவது அரிது.

மதுரை நாயக்கர் காலத்தில் பாதையின் வட பகுதி ஆண்டாள் கோயிலை மையமாகக் கொண்டு வளம்பெற்றது. ஸ்ரீவில்லிப்புத்தூர் வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம் 192 அடி உயரம் கொண்டது. தமிழ்நாடு அரசின் முத்திரையில் உள்ள கோபுரம் இதுவே என்பது பொதுவாக வழங்கும் செய்தி. திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) இவ்வூரில் ஓர் அரண்மனை கட்டினார். ஆண்டாளுக்கு உச்சிக்கால பூசை முடிந்த பின்பே அவர் மதுரையில் உணவு கொள்வார் என்றும், அந்தச் செய்தியை எட்டவைக்க ஸ்ரீவில்லிப்புத்தூரிலிருந்து மதுரை வரை வரிசையாக மணி மண்டபங்கள் கட்டப்பட்டன என்றும் மரபுக் கதை சொல்கிறது. ஒரு மண்டபத்து மணியோசை கேட்டதும் அடுத்த மண்டபத்தில் மணி அடிப்பார்களாம். கதை எப்படியானாலும் கல் மண்டபங்கள் சாலையோரத்தில் இன்றும் சில இடங்களில் நிற்கின்றன. நான்கு கல் தூண்களும் மேலே ஒரு பாவுமாக வெயிலுக்கு ஒதுங்கப் போதுமானவை. வழிநடையாகப் போனவருக்கும் பொதிமாட்டுக்காரருக்கும் அவை பூசைச் செய்தியைக் காட்டிலும் நிழலாகவே பயன்பட்டிருக்கும் என்று கொள்வதே பொருத்தம். ராணி மங்கம்மாள் ஆட்சியில் சாலைகளும் சத்திரங்களும் பெருகின. தென்மாவட்டங்களில் பழைய சாலை எதைக் காட்டினாலும் ‘மங்கம்மா சாலை’ என்று சொல்லும் வழக்கம் இதனால் வந்தது.

18ஆம் நூற்றாண்டில் சேத்தூர், சிவகிரி முதலிய பாளையங்கள் இப்பாதையின் காவலை ஏற்றிருந்தன. ஊர்க்காவலுக்கு ஸ்தலக்காவல், வழிக்காவலுக்கு தேசக்காவல் என்று இருவகைக் கட்டணம் இருந்தது. பாளையக்காரர் போர்கள் 1801இல் ஓய்ந்த பின் காவல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. கட்டணம் போன வேகத்தில் காவல் வந்துசேரவில்லை.

பேட்டையும் மகமையும்

காவல் இல்லாத இந்த இடைவெளியில்தான் மகமை பெருகியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியிலிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டி, உப்பு, கருவாடு ஆகியவற்றைப் பொதிமாட்டிலும் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள். திரும்பும்போது பருத்தியும் பயறும் ஏற்றினார்கள். வழியில் கொள்ளை பயம் இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் கிடைப்பதும் நிச்சயமில்லை. தங்கும் ஊர்களில் அவர்கள் எழுப்பியவையே பேட்டைகள்.

பேட்டை என்பது சுற்றுச்சுவரும் ஒற்றை வாசலும் கொண்ட திடல். நடுவில் கிணறு, ஓரத்தில் சரக்கு இறக்கக் கொட்டகை, மாடு கட்ட வரிசையாக முளைகள். அந்தி சாயும்போது வண்டிகள் உள்ளே வரும். நுகத்தடி இறங்கியதும் மாடுகள் தொட்டிக்குப் போகும். வாசல் சாத்தப்படும். மூட்டைகளை எண்ணுபவர் ஒவ்வொரு வண்டியாக வந்து கேட்டுக் குறித்துக்கொள்வார். விடிவதற்குள் கணக்குத் தீர்த்து வண்டி கிளம்பும். உள்ளூரில் நிலைத்துக் கடை வைத்தவர்கள் தங்கள் விற்றுவரவில் ஒரு சிறு வீதம் கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து வந்து தங்கியவரும் சரக்குக்கு ஏற்பக் கொடுத்தார். இப்படிச் சேர்ந்த பணம் மகமை எனப்பட்டது.

சிவகாசி, விருதுநகர் (1923 வரை விருதுபட்டி), திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் இந்த ஏற்பாட்டின் தூண்கள். இவற்றின் வரலாற்றை அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஒவ்வோர் ஊரிலும் உறவின்முறை என்ற சபை இருந்தது. குடும்பத் தலைவர்கள் அதன் உறுப்பினர்கள். முறைகாரர்கள் முறை வைத்து மாறி மாறி மகமையைத் தண்டினார்கள். முறை முடியும்போது சபையில் கணக்குச் சொல்ல வேண்டும். கணக்கில் பிசகினால் ஊர் முகத்தில் விழிக்க முடியாது. அரசுத் தணிக்கையைவிட இந்தக் கூச்சம் வலுவானதாக இருந்தது.

மகமையை அதன் வரவைக் கொண்டு மூவகையாகப் பிரிக்கலாம். சரக்கின் மேல் எடை அல்லது மூட்டைக் கணக்கில் வாங்கியது ஒன்று. பேட்டையில் தங்குவதற்கும் வண்டி நிறுத்துவதற்கும் வாங்கியது இரண்டாவது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வியாபாரம் செய்யாத குடும்பமும் கொடுத்தது மூன்றாவது. முதல் வகை வணிகத்தோடு ஏறி இறங்கும். மூன்றாவது வகை பஞ்ச காலத்திலும் வரும். செலவுகளில் கிணறு, பேட்டைச் சுவர், கோயில் திருவிழா, வழக்குச் செலவு, பின்னாளில் பள்ளிக்கூடம் ஆகியவை வந்தன. விருதுநகரில் 1880களில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமைப் பணத்தில் எழுந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. வீட்டுக்கு வீடு நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் பிடியரிசித் திட்டமும் அப்பள்ளிக்கு உதவியது.

மகமை பழைய பட்டணப்பகுடியின் வழிவந்ததா, அல்லது 19ஆம் நூற்றாண்டுத் தேவையால் தனியே முளைத்ததா என்று கேட்பதுண்டு. சரக்குவாரியான வீதம், பல ஊர்ச் சம்மதம், சபையறியக் கணக்கு ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொது; ஆனால் இந்த ஒற்றுமை மட்டுமே முன்னதன் தொடர்ச்சி பின்னது என்று காட்டப் போதாது.

மகமையை ஊர்ப்பொது நிதி என்று மட்டும் சொல்லி நிறுத்துவது அரைகுறை. பல இடங்களில் அதன் பயன் கொடுத்த சமூகத்துக்குள்ளேயே நின்றது. சுமை தூக்கியவருக்கும் வண்டி ஓட்டியவருக்கும் அதில் பேச்சுரிமை இருக்கவில்லை. 1899இல் சிவகாசியில் நடந்த கலவரத்துக்குப் பின் இந்தச் சமூகக் கட்டு மேலும் இறுகியது. 1910இல் நாடார் மகாஜன சங்கமும், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் (இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி) தோன்றியதற்கு ஊர்தோறும் மகமை நடத்திப் பழகியது ஒரு காரணம்.

மேற்குப் பகுதியான ஸ்ரீவில்லிப்புத்தூரும் ராஜபாளையமும் மேற்சொன்ன ஆறு ஊர்ப் பட்டியலில் இல்லை. ஆயினும் திருமங்கலத்துப் பேட்டையை விட்டுத் தெற்கே செங்கோட்டைக்குப் போன வண்டிகள் இவ்வழியே சென்றன. விஜயநகரக் காலத்துக்குப் பின் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து ராஜபாளையத்தில் குடியேறிய ராஜுக்கள் கோட்டை என்று பெயர் பெற்ற தெருத்தொகுதிகளாகவும், சாவடிகளை மையமாகக் கொண்டும் வாழ்ந்தார்கள். ஊர்ப் பணத்தைச் சேர்ந்து திரட்டும் பழக்கம் அங்கே சாவடியிலிருந்து வந்தது.

ரயில், சுங்கம், சாலை வரி

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் வழிவந்த மாநிலத்தோடும் சேர்ந்திருந்தது. ஆகவே இப்பாதை ஓர் அரச எல்லையைக் கடந்தது. 1865இல் பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை, எல்லைச் சுங்கத்தின் பெரும்பகுதியை நீக்கியது. பாதையின் வணிகத்துக்கு வெள்ளையர் ஆட்சியில் கிடைத்த பெரிய உதவி இதுதான். சாலை போட்டதெல்லாம் இதற்கு அடுத்தபடி.

செங்கோட்டை–புனலூர் மலைப்பகுதி ரயில் பாதை 1904இல் திறக்கப்பட்டது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி, திருவிதாங்கூர் சமஸ்தானம், சென்னை மாகாண அரசு ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து செய்த முயற்சி அது. ஓர் ஆட்சிக்குள் அடங்காத பாதைக்கு எல்லைக்கு இருபுறத்தாரும் பணம் போட்டதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இவ்வட்டாரத்தில் இல்லை. விருதுநகர்–தென்காசி மீட்டர் கேஜ் பாதை 1927இல் வந்தது. அதனால் ஸ்ரீவில்லிப்புத்தூரும் ராஜபாளையமும் ஒரே நாளில் மதுரைக்கும் கொல்லத்துக்கும் பக்கமாயின. செங்கோட்டை–புனலூர் அகலப்பாதை 2018இல் முடிந்தது.

சாலைக்கான பணம் 1871 உள்ளாட்சி நிதிச் சட்டம், 1884 உள்ளாட்சி வாரியச் சட்டம் ஆகியவற்றின் வழியே நிலவரியோடு சேர்த்துத் தண்டப்பட்டது. தாலுகா வாரியங்களும் மாவட்ட வாரியங்களும் சுங்கச் சாவடிகள் வைத்து வண்டிக்குக் கட்டணம் வாங்கின. 1931 மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்ததும் அந்தச் சாவடிகள் மூடப்பட்டன. வரி மாகாண அரசுக்குப் போய், உள்ளாட்சிகளுக்கு ஈட்டுத்தொகையாகத் திரும்பி வந்தது. பாதையோர ஊர்களின் கையிலிருந்து பாதையின் வருமானம் நழுவிய ஆண்டு இதுவே. அதன் பின் எந்தத் திட்டமும் மேலிருந்து வரும் மானியத்துக்காகக் காத்திருக்கும் நிலை உருவானது.

ஆலைகளும் சரக்குகளும்

பி.ஏ.சி. ராமசாமி ராஜா (1894–1962) 1936இல் ராஜபாளையம் மில்ஸை நிறுவினார். ஊரார் பலரும் சிறு சிறு பங்குகளாக அதில் பணம் போட்டார்கள். நூற்பாலைகள் பெருகின. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகள் மருத்துவமனைக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்றன. தளவாய்புரம் நைட்டித் தையலுக்கு மாறியது. ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தார். பின் ஒரிசா ஆளுநரானார். அவர் தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். காந்தி கலை மன்றம் அங்கு நடக்கிறது.

ஸ்ரீவில்லிப்புத்தூரின் பெயர் பால்கோவாவால் பரவியது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அகன்ற இரும்புச் சட்டியில் பாலும் சீனியும் சுண்டும் வரை நீண்ட துடுப்பால் அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். விறகுத் தீயில் செய்ததுதான் சுவை என்பது ஊரார் கட்சி. இந்த வியாபாரம் உள்ளூர் வாயை நம்பியது அல்ல. குற்றால சீசனில் தெற்கே போகும் கூட்டம், கார்த்திகை மார்கழியில் ஆரியங்காவு வழியாகச் சபரிமலை செல்லும் வண்டிகள், ஆடிப்பூரத் தேருக்கு வருவோர், நெடுந்தூரப் பேருந்து நின்ற ஐந்து நிமிடத்தில் இறங்கி ஒரு பொட்டலம் வாங்கி ஏறுவோர் ஆகியோரை நம்பியது. ராஜபாளையத்தின் சரக்கு லாரியில் வெளியே போகும். ஸ்ரீவில்லிப்புத்தூரின் சரக்கு வாங்குபவர் கையிலேயே போகும். ஒரே சாலை என்றாலும் இரு நகரங்களின் தேவை ஒன்றல்ல. ஒன்றுக்கு லாரி நிறுத்துமிடமும் கிட்டங்கியும் வேண்டும்; மற்றதற்கு நடக்க இடமும் நிழலும் கழிப்பறையும் வேண்டும்.

கூட்டு நிதிக்கான வழிகள்

1920 மாவட்ட நகராட்சிகள் சட்டம் முதற்கொண்டே அண்டை உள்ளாட்சிகள் பொதுக் காரியத்துக்காகக் கூட்டுக் குழு அமைக்கலாம் என்ற விதி உண்டு. அரசமைப்பின் 74ஆம் திருத்தம் (1992) மாவட்டத் திட்டக் குழுவை உருவாக்கி, நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் பொதுவான காரியங்களைக் கவனிக்கும்படி சொல்கிறது. 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் பல உள்ளாட்சிகளை உள்ளடக்கிய கூட்டுத் திட்டப் பகுதிகளுக்கு இடம் தருகிறது. சட்டத்தில் வழி இல்லை என்று சொல்ல இடமில்லை.

பணம் திரட்டும் வழிக்கும் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 2002இல் நீர், சுகாதாரக் கூட்டு நிதியம் என்ற அமைப்பு 13 சிறு, நடுத்தர உள்ளாட்சிகளுக்காக ஒரே பத்திரமாக ரூ. 30.41 கோடி திரட்டியது. தனித்தனியாகச் சந்தைக்குப் போயிருந்தால் அவற்றில் பலவற்றுக்கு யாரும் கடன் கொடுத்திருக்க மாட்டார்கள். அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமை அசலில் பாதிக்கு உத்தரவாதம் தந்தது. 15 ஆண்டுத் தவணை. இந்தியாவில் இவ்வகையில் இது முன்னோடி. ஒன்றிய அரசு 2006இல் கூட்டு நிதித் திட்டம் ஒன்றை அறிவித்தபோது இந்த அனுபவம் கண்முன் இருந்தது.

குடிநீருக்குக் கூடிய கைகள் கடைவீதிக்குக் கூடாததற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. குழாய் இணைப்பை எண்ணலாம். மாதக் கட்டணம் வாங்கலாம். எந்த ஊருக்கு எவ்வளவு தண்ணீர் போனது என்று மீட்டர் சொல்லும். தாமிரபரணித் தண்ணீரைப் பல ஊர்கள் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் இந்த மாவட்டத்தில் நடப்பது இதனால்தான். கடைவீதியில் அப்படி அல்ல. ஸ்ரீவில்லிப்புத்தூர் நகராட்சி போட்ட விளக்கின் கீழ் நின்றவர் ராஜபாளையத்தில் போய்த் துணி எடுக்கலாம். சொத்து வரி உயர்ந்தால் அது சாலையால் உயர்ந்ததா, மறுமதிப்பீட்டால் உயர்ந்ததா என்று பிரிக்க முடியாது. யார் பணம் யாருக்கு லாபமானது என்று மன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால் தலைவரிடம் பதில் இராது. மகமைக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. லாபம் பார்த்தவர் கையிலிருந்தே, மூட்டை நகரும் நேரத்திலேயே அது வாங்கப்பட்டது. அறக் காரியத்துக்கென்று வாடிக்கையாளரிடம் வணிகர் தனியே வாங்கும் தொகை அவருடைய வருமானம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1978இல் பிஜ்லி பருத்தி ஆலை வழக்கில் சொல்லியிருப்பதால், அப்படிப்பட்ட நிதிக்கு இன்றைய வரிச் சட்டத்திலும் முற்றாகக் கதவடைப்பு இல்லை.

ஊர்களை ஒன்றாக்கிவிடுவது இன்னொரு வழி. பக்கத்தில் சிவகாசியும் திருத்தங்கலும் 2021இல் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. இரண்டு பை ஒரு பையானால் பங்கீட்டுச் சண்டை போய்விடும் என்பது கணக்கு. சண்டை வார்டுகளுக்குள் குடிபுகும் என்பது அனுபவம்.

பிற நாடுகளில்

கனடாவின் டொரன்டோவில் 1970இல் ப்ளூர் மேற்குக் கடைவீதியின் வணிகர்கள், எல்லாரும் கட்டாயமாகச் செலுத்தும் கூடுதல் தீர்வையின் மூலம் தெருவைப் பராமரிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். மகமையை நகராட்சியின் வரிச்சீட்டில் ஏற்றியது போன்றது அது. கலிபோர்னியாவில் எல் கமினோ ரியல் சாலையை ஒட்டிய 19 நகரங்களும் இரண்டு மாவட்டங்களும் 2006இல் ஒரே சாலைக்கான பொது முயற்சியில் சேர்ந்தன. அங்கும் சாலையின் உரிமை மாநிலத்திடம். ஓரங்கள் மட்டுமே நகரங்களிடம்.

இன்றைய நிலை

திருமங்கலம் முதல் ராஜபாளையத்தை அடுத்த தெற்கு வெங்காநல்லூர் வரை சுமார் 71 கி.மீ. நான்குவழிச் சாலைப் பணி 2020களில் இரு கட்டங்களாக எடுக்கப்பட்டது. ஊர்களைப் புறவழியாகச் சுற்றிச் செல்லும் பகுதிகள் இதில் உண்டு. 2021–22 முதல் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் சந்தை, பேருந்து நிலையம் முதலியவற்றுக்கு நகரவாரியாக மாநில நிதி ஒதுக்கப்படுகிறது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் (1998) அதன் விதிகளோடு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளும் வ. புதுப்பட்டி போன்ற பேரூராட்சிகளும் இப்போது ஒரே சட்டத்தின் கீழ் வருகின்றன. புறவழி திறந்தால் பழைய சாலையின் நகரப் பகுதிகளில் நெடுந்தூரப் போக்குவரத்து குறையும். அப்பகுதிகளின் பராமரிப்புச் செலவும் நெடுஞ்சாலைத் துறையிடமிருந்து உள்ளாட்சிகளின் பக்கம் நகரக்கூடும்.